எப்ஸ்டைன் அனாமலின்னு சந்தேகம்னா: என்ன டெஸ்ட், எப்படி ரெடியாகணும், ரிப்போர்ட்ல எதை பாக்கணும்

பாப்பாவுக்கு இதயத்துல வலது பக்க வால்வு கீழ இறங்கி இருக்கு, எப்ஸ்டைன் அனாமலியா இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா அன்னைக்கு ராத்திரி அந்த வீட்ல யாருக்கும் தூக்கம் வராது. போனை எடுத்து தேடுவாங்க, ஒரு இடத்துல பொறந்த கொஞ்ச நாள்லயே உயிருக்கு ஆபத்துன்னு இருக்கும், இன்னொரு இடத்துல அறுபது வயசுல வேற எதுக்கோ எக்கோ (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) எடுக்கப் போய் தற்செயலா தெரிஞ்சதுன்னு இருக்கும். ரெண்டுமே உண்மைதான், அதான் இந்த நோயோட கஷ்டமே. நான் டாக்டர் இல்ல, எக்கோ எடுக்குற டெக்னீஷியன், குழந்தைங்க பெரியவங்க ரெண்டு பேருக்கும் எடுக்குறேன். ரிப்போர்ட்டை வாங்கிட்டு கதவுகிட்டயே நின்னு "இது என்னங்க, பெரிய நோயா"ன்னு கேக்குறவங்களுக்கு நின்னு நிதானமா சொல்ல வேலை நேரத்துல முடியல, அதான் இங்க எழுதுறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், "எப்ஸ்டைன் இருக்கா இல்லையா"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, "எவ்வளவு இருக்கு"ன்னு கேளுங்க. ஒவ்வொரு டெஸ்ட்டும் அந்த "எவ்வளவு"ல ஒரு பகுதியத்தான் சொல்லுது.

முதல்ல வால்வுல என்ன ஆகியிருக்கு

இதயத்துல வலது பக்கம் மேல ஒரு அறை, கீழ ஒரு அறை. உடம்பு முழுக்க சுத்திட்டு வர்ற ரத்தம் மேல் அறைக்கு வந்து, ட்ரைகஸ்பிட் வால்வு வழியா கீழ் அறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்கு போகும். அந்த வால்வுக்கு மூணு இதழ். கரு வளர்றப்போ இந்த இதழ்கள் கீழ் அறையோட தசைச் சுவர்ல இருந்துதான் உரிஞ்சு பிரிஞ்சு வரணும், எப்ஸ்டைன்ல ரெண்டு இதழ் சரியா பிரியாம சுவரோட ஒட்டிக்கிட்டே நின்னுடும். நடுச்சுவர் பக்கம் இருக்குற இதழும் பின்பக்க இதழும்தான் அதிகமா மாட்டிக்கும், முன்பக்க இதழ் பெரும்பாலும் மேல அதோட இடத்துலயே இருக்கும் ஆனா ரொம்ப பெருசா நீளமா இருக்கும். வாசல்ல நிலைக்கால்ல மாட்ட வேண்டிய கதவை வீட்டுக்கு உள்ள நாலடி தள்ளி மாட்டினா என்ன ஆகும், முன் ரூம்ல பாதி திண்ணையோட சேந்துடும், கதவும் சரியா மூடாது. இங்கயும் அதேதான், கீழ் அறையோட ஒரு பகுதி மேல் அறையோட சேந்துடுது, மிச்சம் இருக்குற சின்ன இடம்தான் ரத்தத்தை பம்ப் பண்ணியாகணும், வால்வு மூடாததால ரத்தம் திரும்பி வருது, மேல் அறை வீங்கிட்டே போகுது.

இதோட பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மேல் அறைக்கும் நடுவுல ஒரு ஓட்டையோ, பொறந்த பிறகு மூடாம விட்டுப்போன சின்ன வழியோ இருக்கும். வலது பக்கம் அழுத்தம் ஏறினா கெட்ட ரத்தம் அந்த ஓட்டை வழியா இடது பக்கம் போய் நல்ல ரத்தத்தோட கலக்கும், அதான் உதடு நீலமாகுறதுக்கு காரணம். இன்னொரு விஷயம் நிறைய பேர் சொல்ல மாட்டாங்க, இதயத்த துடிக்க வைக்கிற கரன்ட் போக கூடாத இடத்துல ஒரு குறுக்கு வழியும் பல பேருக்கு இருக்கும், டபிள்யூபிடபிள்யூன்னு சொல்றது, அதால திடீர்னு இதயம் தாறுமாறா ஓடும்.

பிறவி இதய நோய்கள் எல்லாத்தையும் சேத்தா இது ஒரு சதவீதத்துக்கும் கீழ. 1866-ல ப்ரெஸ்லாவ்ல, இப்போ போலந்துல வ்ரோத்ஸ்வாஃப்னு இருக்குற ஊர், வில்ஹெல்ம் எப்ஸ்டைன்னு ஒரு டாக்டர், சின்ன வயசுல இருந்தே படபடப்பும் மூச்சு வாங்குறதுமா கஷ்டப்பட்டு 19 வயசுல இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியோட உடலை பரிசோதனை பண்ணி முதல்ல எழுதினார். அப்புறம் ரொம்ப காலத்துக்கு இறந்த பிறகு மட்டுமே கண்டுபிடிக்க முடிஞ்ச நோய் இது, இன்னைக்கு அஞ்சாம் மாச ஸ்கேன்லயே தெரியுது.

எப்போ சந்தேகப்படணும்

வயித்துல இருக்குறப்போன்னா 18 வாரத்துல இருந்து 22 வாரத்துக்குள்ள எடுக்குற அனாமலி ஸ்கேன்ல "இதயம் பெருசா இருக்கு, வலது பக்கம் வீங்கி இருக்கு"ன்னு சொன்னா ஃபீட்டல் எக்கோ எடுக்கணும், அது சாதாரண ஸ்கேன் இல்ல, குழந்தை இதயம் பாக்குற டாக்டர் தனியா உக்காந்து பாக்குறது. குழந்தை உடம்புல நீர் கோத்திருக்கா, நுரையீரலுக்கு போற வால்வு திறக்குதா, அது லீக் ஆகுதா, இந்த மூணையும் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அந்த பதில்கள வச்சுதான் எந்த ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கணும்னே முடிவு பண்ணுவாங்க, பச்சைக்குழந்தை இதய சிகிச்சை இருக்குற இடத்துல பொறக்குறதுக்கும் சின்ன நர்சிங் ஹோம்ல பொறந்து அங்கிருந்து ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடுறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

பொறந்த குழந்தைன்னா நீலம், வேகமா மூச்சு, பால் குடிக்க முடியாம களைச்சுப் போறது. இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கணும், பொறந்த முதல் சில நாள் நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் இயற்கையாவே அதிகம், அதனால பலவீனமான வலது பக்கத்தால ரத்தத்தை தள்ள முடியாம நீலம் ரொம்ப தெரியும், அழுத்தம் குறையக் குறைய அதே குழந்தைக்கு நிறம் திரும்பும். அதனால முதல் நாள் எடுத்த எக்கோவ வச்சு வாழ்நாள் முழுக்க இப்படித்தான்னு முடிவு கட்டாதீங்க, நாலு நாள் கழிச்சு திரும்ப எடுக்க சொல்வாங்க, ஏன் திரும்ப திரும்பன்னு சலிச்சுக்காதீங்க. அந்த நாட்கள்ல பிராஸ்டாகிளாண்டின் ட்ரிப் போட்டு ஒரு ரத்தக்குழாய மூடாம வச்சிருப்பாங்க சில குழந்தைங்களுக்கு, அது நேரம் வாங்குறதுக்காக.

நம்ம குழந்தைங்க மாநிறம் கருப்புன்னு இருக்குறதால தோல்ல நீலம் சட்டுன்னு தெரியாது. நாக்கு, ஈறு, உதட்டோட உள்பக்கம் பாருங்க, பகல் வெளிச்சத்துல பாருங்க, ட்யூப்லைட்ல ஏமாந்துடுவோம். ரத்தசோகை இருக்குற குழந்தைக்கு ஆக்சிஜன் குறைஞ்சிருந்தாலும் நீலமே தெரியாம வெளிறிப்போய் இருக்கும், இதையும் மறந்துடக்கூடாது.

பெரிய பிள்ளைங்களுக்கும் பெரியவங்களுக்கும் வேற மாதிரி வரும். மத்த பசங்களோட ஓட முடியாது, மாடி ஏறினா மூச்சு வாங்கும், "சோம்பேறி"ன்னு வீட்ல திட்டுவாங்க பாவம். இல்லன்னா உக்காந்திருக்குறப்பவே திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு பத்து நிமிஷத்துல திடீர்னு நிக்கும், இதுல அந்த "திடீர்னு ஆரம்பிச்சு திடீர்னு நிக்கும்"ங்குறது முக்கியம், டாக்டர்கிட்ட அதே வார்த்தையில சொல்லுங்க, பயத்துல வர்ற படபடப்பு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். இளவயசுல காரணமே தெரியாம பக்கவாதம் வந்து, ஏன்னு தேடிப் போனா மேல் அறை ஓட்டையும் எப்ஸ்டைனும் இருக்குன்னு தெரியவர்றதும் உண்டு, ரத்தக்கட்டி அந்த ஓட்டை வழியா இடது பக்கம் தாண்டி மூளைக்கு போயிடுது.

டெஸ்ட் எந்த வரிசையில போகும்

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் முதல்ல, அஞ்சு நிமிஷ வேலை. பொறந்த குழந்தைக்கு வலது கையிலயும் ஒரு கால்லயும் பாப்பாங்க, 95-க்கு கீழ இருந்தாலோ ரெண்டுக்கும் 3-க்கு மேல வித்தியாசம் இருந்தாலோ திரும்ப பாக்கணும், 90-க்கு கீழன்னா காத்திருக்கவே கூடாது. கை கால் குளிர்ச்சியா இருந்தா, நெயில் பாலிஷ் இருந்தா தப்பா காட்டும், கருப்பான தோல்ல உண்மையான அளவ விட கொஞ்சம் கூட காட்டுற பழக்கமும் இந்த மெஷினுக்கு உண்டு. ஓட்டை இருக்குற பெரிய பிள்ளைக்கு உக்காந்திருக்குறப்போ 96 காட்டிட்டு படி ஏறி இறங்கினதும் 88-க்கு வரலாம், அதனால நடக்க வச்சும் பாக்க சொல்லி கேளுங்க.

ஸ்டெதாஸ்கோப்ல டாக்டர் கேக்குறப்போ சத்தங்கள் ரெண்டு ரெண்டா பிரிஞ்சு, சாதாரணமா ரெண்டு சத்தம் கேக்க வேண்டிய இடத்துல மூணு நாலு கேக்கும். இங்க ஒரு ஏமாத்து இருக்கு. வலது பக்கம் அழுத்தம் கம்மிங்குறதால வால்வு பயங்கரமா லீக் ஆனாலும் முர்முர், அதாவது லீக் ஆகுற ரத்தத்தோட இரைச்சல், மெதுவாத்தான் கேக்கும், சில சமயம் கேக்கவே கேக்காது. "சத்தம் லேசாத்தான் இருக்கு, ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னா நீலமோ படபடப்போ இருக்குற குழந்தைய அதோட விட்டுடாதீங்க.

ஈசிஜி செலவு கம்மி, ஆனா எப்ஸ்டைன்ல அது நிறைய பேசும். மேல் அறை வீங்கி இருக்குறதால பி வேவ் (மேல் அறையோட அலை) உசரமா கூரா நிக்கும், டாக்டருங்க ஹிமாலயன் பி வேவ்னே பேர் வச்சிருக்காங்க. பிஆர் (மேல் அறையில இருந்து கீழ் அறைக்கு கரன்ட் போற நேரம்) நீளமா இருக்கும், ரைட் பண்டில் பிளாக் (வலது கீழ் அறைக்கு கரன்ட் தாமதமா போறது) இருக்கும். குறுக்கு வழி இருக்குறவங்களுக்கு டெல்டா வேவ் தெரியும். இதுல கவனிக்க வேண்டியது, எப்ஸ்டைன் உறுதியான ஒருத்தருக்கு அடிக்கடி படபடப்பு வருது, ஆனா ஈசிஜில ரைட் பண்டில் பிளாக் இல்லன்னா அத "ஈசிஜி நார்மல்"னு எடுத்துக்கக்கூடாது, குறுக்கு வழி ஒண்ணு ஒளிஞ்சிருந்து அந்த மாற்றத்தை மறைக்குதோன்னு ரிதம் பாக்குற டாக்டர் தேடணும். படபடப்பு வந்துட்டு இருக்குறப்பவே எடுத்த ஈசிஜி கிடைச்சா அது தங்கம், பக்கத்துல எந்த கிளினிக்கா இருந்தாலும் ஓடிப்போய் எடுத்துடுங்க, அந்த பேப்பரை லேமினேட் பண்ணாதீங்க, சூட்டுல கருத்துடும், போட்டோ எடுத்து வச்சுட்டு ஒரிஜினலை ஃபைல்ல போடுங்க.

எக்ஸ்ரேல கடுமையான கேஸ்ல இதயம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு பெட்டி வடிவமா தெரியும், நுரையீரல் கருப்பா இருக்கும் ஏன்னா அங்க ரத்தம் கம்மியா போகுது. லேசான கேஸ்ல எக்ஸ்ரே முழுக்க நார்மலாவும் இருக்கும், அதனால எக்ஸ்ரேவ வச்சு இல்லன்னு சொல்ல முடியாது.

எக்கோ ரூம்ல நடக்குறது

உறுதி பண்றது எக்கோதான். வலி இல்ல, கதிர் இல்ல. ஆனா குழந்தை அசையாம அரை மணி, சில சமயம் முக்கால் மணி படுக்கணும், அழுதா நெஞ்சு ஏறி இறங்கி படம் ஆடிடும், லீக் அளவும் மாறிடும். கைக்குழந்தைன்னா பசியோட கூட்டிட்டு வந்து உள்ள வந்ததும் பால் குடுத்துட்டே எடுக்குறது நல்லா வரும். ஒண்ணுல இருந்து மூணு வயசு வரைக்கும்தான் போராட்டம், அதுக்கு தூக்க மருந்து குடுக்க வேண்டி வந்தா எத்தனை மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும்னு முந்தின நாளே போன் பண்ணி கேட்டுக்கோங்க, காலைல சீக்கிரம் எழுப்பி கூட்டிட்டு வாங்க, வர்ற வழியில பஸ்ல தூங்க விட்டுடாதீங்க. முன்னாடி திறக்குற சட்டை போடுங்க, பிடிச்ச பாட்டு போன்ல இருக்கட்டும். ஜெல் குளிரும், நான் கையில வச்சு சூடாக்கித்தான் போடுவேன், எந்த டெக்னீஷியன்கிட்டயும் அத கேக்கலாம், தப்பில்ல.

இடது மார்பு கீழ ப்ரோப் வச்சா நாலு அறையும் ஒரே படத்துல வரும். நடுவுல செங்குத்தா ஒரு சுவர், அதோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வால்வு ஒட்டிட்டு இருக்கும், இடது பக்கம் மைட்ரல், வலது பக்கம் ட்ரைகஸ்பிட். நல்லா இருக்குற இதயத்துலயே ட்ரைகஸ்பிட் ஒட்டுற இடம் மைட்ரலை விட கொஞ்சம் கீழதான் இருக்கும், அதனால "கீழ இருக்கு"ங்குறது மட்டும் நோய் இல்ல. ரெண்டு ஒட்டுற இடத்துக்கும் நடுவுல எத்தனை மிமீன்னு அளந்து, அத உடம்போட பரப்பளவால வகுக்கணும். வகுத்து வர்ற எண் 8 அல்லது அதுக்கு மேல, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 8 மிமீ, இருந்தா எப்ஸ்டைன்.

இந்த வகுத்தல்லதான் குழப்பம் வருது, ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். 75 செமீ உயரம் 10 கிலோ எடை இருக்குற குழந்தைக்கு பரப்பளவு ஏறக்குறைய 0.46 சதுர மீட்டர். தூரம் 6 மிமீன்னா 6-ஐ 0.46-ஆல வகுத்தா 13, அப்போ அது எப்ஸ்டைன். அதே 6 மிமீ 160 செமீ உயரம் 58 கிலோ இருக்குற அம்மாவுக்கு இருந்தா, அவங்க பரப்பளவு 1.6, வகுத்தா 4-க்கும் கீழ, அது நார்மல். அதே மிமீ, ஒருத்தருக்கு நோய் ஒருத்தருக்கு ஒண்ணும் இல்ல. அதனால எக்கோக்கு முன்னாடி உயரமும் எடையும் அன்னைக்கே அளந்தாங்களான்னு பாருங்க, போன மாச சீட்டுல இருந்த எடைய போட்டுட்டு விட்டாங்கன்னா வளர்ற குழந்தைக்கு எண் மாறிடும். ரிப்போர்ட் மேல ஓரத்துல உயரம், எடை, பிஎஸ்ஏ (உடம்போட பரப்பளவு) மூணும் இருக்கும், நீங்களே சரிபாக்கலாம்.

தூரம் மட்டும் போதாது. கலர் டாப்ளர் போட்டா லீக் எங்க இருந்து கிளம்புதுன்னு தெரியும், எப்ஸ்டைன்ல அது மேல வால்வு வளையத்துல இருந்து இல்லாம கீழ் அறைக்குள்ள ரொம்ப ஆழத்துல இருந்து கிளம்பும், படத்துல பாத்தா உங்களுக்கே தெரியும், காட்ட சொல்லி கேளுங்க. முன்பக்க இதழ் தாராளமா அசையுதா இல்ல அதுவும் சுவரோட ஒட்டி இருக்கான்னு பாக்கணும், ஆபரேஷன்ல வால்வை சரி பண்ண முடியுமா மாத்தித்தான் ஆகணுமான்னு பெரும்பாலும் அந்த ஒரு இதழ்தான் முடிவு பண்ணுது. மிச்சம் இருக்குற வலது கீழ் அறை எவ்வளவு பெருசு, எவ்வளவு நல்லா சுருங்குது, ஓட்டை இருக்கா, அதுல ரத்தம் எந்தப் பக்கம் போகுது, நுரையீரல் வால்வு எப்படி இருக்கு, இடது கீழ் அறைச் சுவர் நல்லா இருக்கா. கடைசியா சொன்னத பாக்காமலே விட்டுடுவாங்க சில இடத்துல, ஆனா எப்ஸ்டைன் இருக்குற சிலருக்கு இடது கீழ் அறை தசை பஞ்சு மாதிரி இறுகாம இருக்கும், நான்-கம்பாக்‌ஷன்னு சொல்றது, அப்படி இருந்தா குடும்பத்துல மத்தவங்களுக்கும் எக்கோ எடுக்கணுமான்னு கேக்கணும்.

பச்சைக்குழந்தைங்களுக்கு ஒரு விகிதமும் போடுவாங்க. வலது மேல் அறையையும் அதோட சேந்துபோன பகுதியையும் கூட்டி, மிச்சம் மூணு அறையோட மொத்த பரப்பால வகுக்குறது, அரைக்கு கீழ இருந்தா முதல் கிரேடு, ஒண்ணரைய தாண்டினா நாலாவது கிரேடு, அதுதான் ரொம்ப கடுமை. இத தவிர கார்பென்டியர்னு ஏ-ல இருந்து டி வரைக்கும் இன்னொரு வகை இருக்கு, அது 1988-ல வந்தது, ஆபரேஷன் பண்ற டாக்டருங்க அதிகமா அத பேசுவாங்க.

ரிப்போர்ட்ல வெறும் "எப்ஸ்டைன் அனாமலி, சிவியர் டிஆர்"னு (டிஆர்னா ட்ரைகஸ்பிட் வால்வு லீக்) ரெண்டு வரி மட்டும் இருந்தா அத முடிஞ்ச ரிப்போர்ட்டா எடுத்துக்காதீங்க. பணிவா, ஆனா விடாம கேளுங்க, "சார், டிஸ்ப்ளேஸ்மென்ட் இண்டெக்ஸ் எவ்வளவு, முன்பக்க இதழ் அசையுதா, ஆர்வி ஃபங்க்‌ஷன் எப்படி, ஏஎஸ்டில ஷன்ட் எந்தப் பக்கம்"னு. வகுத்து வந்த எண், முன்பக்க இதழ், வலது கீழ் அறை சுருங்குற விதம், மேல் அறை ஓட்டையில ரத்தம் போற பக்கம், இந்த நாலும் எழுதி இருந்தாத்தான் அடுத்த டாக்டருக்கு அந்த பேப்பர் உதவும்.

எப்ஸ்டைன் இல்லாம எப்ஸ்டைன் மாதிரி தெரியுறது

நம்ம ஊர்ல ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போறது இன்னும் இருக்கு, அதுல ட்ரைகஸ்பிட்டும் லீக் ஆகலாம், ஆனா இடம் கீழ இறங்காது, கூடவே மைட்ரலும் கெட்டிருக்கும். ட்ரைகஸ்பிட் டிஸ்ப்ளேசியான்னு ஒண்ணு, இதழ்கள் தடிச்சு கோணலா இருக்கும் ஆனா ஒட்டுற இடம் சரியா இருக்கும், பச்சைக்குழந்தையில இதையும் எப்ஸ்டைனையும் பிரிக்கிறது அனுபவம் உள்ளவங்களுக்கே சிரமம். வலது பக்க தசையே மெலிஞ்சு போற நோய்களும் இருக்கு, அங்க அறை வீங்கும், வால்வு இடம் மாறாது. அதனாலதான் சொல்றேன், முதல் எக்கோ எங்க எடுத்திருந்தாலும் ஒரு தடவை குழந்தைங்க இதயம் மட்டுமே பாக்குற பீடியாட்ரிக் கார்டியாலஜிஸ்ட் கையால எடுக்கணும், பெரியவங்களா இருந்தாலும் பிறவி இதய நோய் பாக்குறவங்ககிட்ட போங்க. மாரடைப்பு பாக்குறதுல கெட்டிக்கார டாக்டர் இத அடிக்கடி பாத்திருக்க மாட்டார், அது அவர் மேல குறை இல்ல, நோய் அவ்வளவு அபூர்வம்.

எக்கோக்கு அப்புறம்

எல்லாருக்கும் எல்லாம் தேவையில்ல. ஆபரேஷன் பத்தி பேச்சு வந்தா எம்ஆர்ஐ எடுப்பாங்க, வலது கீழ் அறையோட கொள்ளளவ எக்கோவ விட அது துல்லியமா சொல்லும், சத்தம் அதிகம், மூச்சை பிடிச்சு விட சொல்வாங்க, வீட்லயே குழந்தைக்கு பழக்கி விடுங்க. படபடப்பு இருந்தா 24 மணி நேர ஹோல்ட்டர் (உடம்புல மாட்டிட்டே இருக்குற ஈசிஜி), அன்னைக்கு படுத்தே இருக்காம எப்பவும் செய்யுற வேலைய செய்யணும், எத்தனை மணிக்கு என்ன பண்ணீங்க எப்போ படபடப்பு வந்ததுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்தா விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் சேத்து மாட்ட சொல்லுங்க. குறுக்கு வழி இருக்குறவங்களுக்கு ஈபி ஸ்டடி, தொடை வழியா வயர் போட்டு அந்த வழிய கண்டுபிடிச்சு சுட்டு அடைக்கிறது, எப்ஸ்டைன்ல ஒண்ணுக்கு மேல வழி இருக்குறது சகஜம், அதனால திரும்ப வரவும் வாய்ப்பு இருக்கு. வால்வு ஆபரேஷனுக்கு முன்னாடியே இத முடிச்சுக்குறது நல்லதுன்னு பல டாக்டருங்க சொல்வாங்க, ஏன்னா வால்வை சரி பண்ணின பிறகு அந்த இடத்துக்கு வயரை கொண்டு போறது கஷ்டம். நோய கண்டுபிடிக்கிறதுக்குன்னு மட்டும் கேத் (ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள குழாய் விட்டு பாக்குறது) பண்றது இப்போ ரொம்ப குறைஞ்சுபோச்சு, யாராவது முதல்லயே கேத் பண்ணணும்னு சொன்னா எதுக்குன்னு காரணம் கேளுங்க.

ஆபரேஷன் பேச்சு வந்தா கோன் ரிப்பேர்ங்குற பேர் காதுல விழும். பிரேசில்ல ஜோசே பெட்ரோ ட சில்வாங்குற சர்ஜன் 1993-ல இருந்து பண்ண ஆரம்பிச்சது, ஒட்டிக்கிட்ட இதழ்கள சுவர்ல இருந்து பிரிச்சு எடுத்து கூம்பு மாதிரி சுத்தி தைச்சு சரியான இடத்துல பொருத்துறது, நோயாளியோட சொந்த வால்வே மிஞ்சுது. லேசான கேஸ்ல பல வருஷம் எதுவுமே பண்ணாம வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துட்டே போவாங்க, அது அலட்சியம் இல்ல.

கையில என்ன இருக்கணும், எங்க போகணும்

தமிழ்நாட்டுல அங்கன்வாடிக்கும் அரசு பள்ளிக்கும் வர்ற ஆர்பிஎஸ்கே (குழந்தைங்க உடல்நலம் பாக்குற அரசு திட்டம்) டாக்டர் டீம் பிறவி இதய நோயையும் சேத்துத்தான் பாக்குது, சந்தேகம்னா மாவட்டத்துல இருக்குற டிஇஐசி (குழந்தைங்க பிரச்சனைய ஆரம்பத்துலயே கவனிக்கிற) மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, 18 வயசு வரைக்கும் இந்த வழி இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் பாதுகாப்பு, அட்டை இல்லன்னா இப்பவே விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸ் மையத்துல பதிஞ்சுடுங்க, அட்மிஷன் அன்னைக்கு அலையுறது கொடுமை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, வேலூர் சிஎம்சி, தென் மாவட்டத்துக்காரங்களுக்கு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா, இப்படி பெரிய இடங்களுக்கு போறப்போ எக்கோ பேப்பர் மட்டும் போதாது, வீடியோ இருக்குற சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்கிட்டு போங்க, புது டாக்டர் பேப்பர படிக்க மாட்டார், படத்தைத்தான் பாப்பார்.

கர்ப்பத்துல லித்தியம் மாத்திரை எடுத்திருந்தா கட்டாயம் சொல்லுங்க, அதுக்கும் எப்ஸ்டைனுக்கும் தொடர்பு இருக்குன்னு 1970-கள்ல இருந்தே பேச்சு இருக்கு, ஆனா முதல்ல பயந்த அளவுக்கு ஆபத்து பெருசு இல்லன்னு பின்னாடி வந்த பெரிய ஆய்வுகள் காட்டுது. சாப்பிட்டுட்டு இருக்குறவங்க பயந்து போய் தானா நிறுத்திடாதீங்க, மனநல டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க. பெரும்பாலான குடும்பத்துல எந்த காரணமும் இருக்காது. அம்மா பப்பாளி சாப்பிட்டா, கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தாங்கறதெல்லாம் காரணமே இல்ல, அந்த பழிய ஒரு தாய் மேல போடுறத யார் பண்ணினாலும் அங்கயே நிறுத்துங்க.

உடனே 108 கூப்பிட வேண்டியது: நாக்கு நீலம் கூடிட்டே போகுது, குழந்தை துவண்டு போகுது, மயக்கம், கை கால் ஒரு பக்கம் வரல, கைக்குழந்தைக்கு இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 220-ஐயும் பெரிய பிள்ளைக்கு சும்மா இருக்குறப்பவே 180-ஐயும் தாண்டுது. எமர்ஜென்சில போனதும் ரெண்டு விஷயம் நீங்களா சொல்லணும். ஒண்ணு, "எப்ஸ்டைன், டெல்டா வேவ் இருக்கு"ன்னு, ஏன்னா துடிப்ப குறைக்க வழக்கமா போடுற சில ஊசி இவங்களுக்கு ஆகாது. ரெண்டாவது, "மேல் அறையில ஓட்டை இருக்கு, ட்ரிப்ல காத்துக்குமிழி போகாம பாருங்க"ன்னு, சின்ன குமிழி கூட ஓட்டை தாண்டி மூளைக்கு போக முடியும். இந்த ரெண்டு வரியையும் ஒரு அட்டையில எழுதி ஸ்கூல் பேக்லயும் அப்பா பர்ஸ்லயும் வச்சிருங்க, கூடவே கடைசி எக்கோவோட தேதி, சாதாரணமா இருக்குற சாச்சுரேஷன் (ஆக்ஸிமீட்டர் காட்டுற எண்), சாப்பிடுற மாத்திரை. சாதாரண சாச்சுரேஷன் தெரியலன்னா எப்பவும் 88-ல இருக்குற குழந்தைய பாத்து புது டாக்டர் பதறிடுவார், இல்லன்னா எப்பவும் 97-ல இருக்குற குழந்தை 90-க்கு வந்தத கவனிக்காம விட்டுடுவார்.